வானம் ஒன்று, நாட்காட்டி பல

சுவரில் தொங்கும் நாட்காட்டியை நாள்தோறும் நோக்காதவர் இலர். சம்பளநாள் எப்போது, பரீட்சை எப்போது, திருவிழாக் கொடியேற்றம் எப்போது என்று அதனிடம் கேட்டறிவோர் பலர். அது கூறும் விடை எவ்வாறு பெறப்பட்டது என ஆராய்வோர் மிகச் சிலரே. ஞாயிறு உதிப்பது போலவும் மழை பொழிவது போலவும் ஒக்டோபர் மாதமும் இயற்கையின் ஆணையால் வருவதாகவே பெரும்பாலார் எண்ணியிருப்பர்.

ஆயின், நாட்காட்டியின் வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்குவார்க்கு நகைப்பும் வியப்பும் தரும் செய்திகள் பல புலப்படும். 'ஏழு' என்னும் எண்ணைப் பெயரிலே தாங்கிய மாதம் ஒன்பதாம் இடத்தில் நிற்கின்றது. ஒரு நாட்டில் பெப்ரவரி மாதத்துக்கு 30ஆந் திகதி வந்ததுண்டு. வேறொரு நாட்டில் 2ஆந் திகதி இரவு உறங்கச் சென்ற மக்கள் 14ஆந் திகதி காலையில் விழித்தெழுந்ததுண்டு. உருசியரின் ஒக்டோபர்ப் புரட்சி நவம்பர் மாதத்திலே கொண்டாடப்பட்டது. இவை வெறும் வேடிக்கைகள் போலத் தோன்றும். ஆராயின், இவை ஒவ்வொன்றும் வானத்தின் அளவும் மனிதரின் உடன்பாடும் ஒன்றோடொன்று பொருந்தாது இடர்ப்பட்ட இடத்தைக் காட்டி நிற்பது விளங்கும். எது இயற்கை தந்தது, எது மனிதர் வகுத்தது எனப் பிரித்தறிதற்கு நாட்காட்டியினும் எளிதிற் கிடைக்கும் பாடநூல் வேறில்லை.

வானம் தந்த அளவுகள்

காலத்தை அளத்தற்கு வானம் மனிதனுக்கு மூன்று அளவுகளைத் தந்துள்ளது. பூமி தன்னைத்தானே சுற்றுதலால் நாள் உண்டாகின்றது. சந்திரன் வளர்ந்து தேய்தலால் மாதம் உண்டாகின்றது. பூமி சூரியனைச் சுற்றுதலால் ஆண்டும் பருவங்களும் உண்டாகின்றன. மூன்றும் கண்ணுக்குப் புலனாவன. எல்லா நாட்டார்க்கும் பொதுவானவை.

இடர் யாதெனின், இம்மூன்றும் ஒன்றையொன்று மீதியின்றி வகுக்கா என்பதே. ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம் செல்கின்றது. பருவங்கள் ஒருமுறை சுழன்று மீள 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 செக்கன் ஆகின்றது. பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டின் 354 நாளே வரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் குறையும்.

இக்குறையை நீக்க மக்கள் மூவகை வழிகளைக் கைக்கொண்டனர். சந்திரனை மட்டும் பின்பற்றுவது ஒன்று. இசுலாமிய நாட்காட்டி இத்தகையது. ஆதலின் நோன்பு மாதம் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகின்றது. இடையிடையே ஒரு மாதத்தை மிகையாகச் சேர்த்துச் சந்திரனையும் சூரியனையும் இணக்குவது மற்றொன்று. யூதரும், சாந்திரமான முறையைக் கொண்ட இந்தியப் பகுதியினரும் இவ்வழியினர். 19 ஆண்டுகளில் 235 சந்திர மாதங்கள் அடங்கும் என்னும் பண்டைக் கணக்கு இதற்குத் துணையாயிற்று. சந்திரனைக் கைவிட்டுச் சூரியனை மட்டும் பற்றுவது மூன்றாவது. பண்டை எகிப்தியரும், யூலியஸ் சீசர் காலத்திற்குப் பிற்பட்ட உரோமரும், சௌரமான முறையைக் கொண்ட தமிழரும் இவ்வழியில் நின்றனர்.

பொருள் இழந்த பெயர்கள்

உரோமரின் பழைய ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. அதற்குப் பத்து மாதங்களே இருந்தன என்பது அவர்தம் மரபு. செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் என்னும் பெயர்கள் இலத்தீன் மொழியில் முறையே ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்னும் எண்களிலிருந்து பிறந்தவை. யனவரியும் பெப்ரவரியும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. கி. மு. 153 முதல் உரோமின் தலைமை அதிகாரிகள் யனவரி முதலாந் திகதியிற் பதவியேற்கலாயினர். ஆண்டின் தொடக்கம் இடம்பெயர்ந்தது. மாதங்களின் பெயர்களோ பெயராது நின்றன. கிழக்குத் தெரு என்று பெயர் பெற்ற தெரு, ஊர் வளர்ந்தபின் நடுவிலே கிடந்தும் பழைய பெயராலேயே வழங்குதல் போன்றது இது. பெப்ரவரி ஏனைய மாதங்களிற் குறுகியதாய் இருப்பதும், மிகைநாளை ஏற்கும் மாதமாய் இருப்பதும் அது ஒருகாலத்தில் ஆண்டின் கடைமாதமாய் இருந்ததன் சுவடுகளே.

இவ்விடத்தில் ஒரு கட்டுக்கதையை விலக்குதல் வேண்டும். யூலியஸ் சீசரின் பெயரைத் தாங்கிய யூலைக்கு 31 நாள் இருந்தமையால், அகஸ்தஸ் மன்னன் பொறாமை கொண்டு பெப்ரவரியில் ஒரு நாளைப் பறித்துத் தன் பெயர் தாங்கிய ஓகஸ்ட் மாதத்திற்குச் சேர்த்தான் என்று பல நூல்கள் கூறும். கதை சுவையுடையது, உண்மையன்று. அம்மாதம் அகஸ்தஸின் பெயரைப் பெற்றது கி. மு. 8இல். அதற்கு முன்னரே, சீசரின் திருத்தத்தின்போதே, அதற்கு 31 நாள் வகுக்கப்பட்டிருந்தது. பொறாமைக் கதை 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

குழப்ப ஆண்டும் எண்ணுதலில் நேர்ந்த பிழையும்

சீசருக்கு முன் உரோமரின் நாட்காட்டி அரசியல்வாதிகளின் கைப்பாவையாய் இருந்தது. மிகைமாதம் சேர்க்கும் உரிமை சமயத் தலைவர்களுக்கு இருந்தமையால், நண்பர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளவும் பகைவர் இருந்தால் ஆண்டு குறுகவும் வழியுண்டாயிற்று. பருவத்துக்கும் மாதத்துக்கும் தொடர்பு அறுந்தது. சீசர் அலெக்சாந்திரியாவின் சொசிசெனிஸ் என்னும் வானநூலறிஞரின் துணைகொண்டு கி. மு. 46ஆம் ஆண்டை 445 நாள் கொண்டதாக நீட்டிப் பருவத்தோடு பொருத்தினார். வரலாற்றில் மிக நீண்ட இவ்வாண்டு 'குழப்ப ஆண்டு' என்று பெயர்பெற்றது. அடுத்த ஆண்டு முதல் 365 நாள் கொண்ட ஆண்டும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 366 நாள் கொண்ட நெட்டாண்டும் வழக்கில் வந்தன.

சீசர் இறந்தபின் நேர்ந்தது நகைப்புக்குரியது. உரோமர் எண்ணும்போது தொடங்கும் நாளையும் சேர்த்தெண்ணுவர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எட்டாம் நாள் மறு ஞாயிறு என்பது போல. ஆதலின் 'நான்காம் ஆண்டுதோறும்' என்ற விதியைக் குருமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என விளங்கிக்கொண்டனர். 36 ஆண்டுகளில் 9 மிகைநாள் சேரவேண்டிய இடத்தில் 12 சேர்ந்தன. அகஸ்தஸ் பல ஆண்டுகள் நெட்டாண்டையே நிறுத்திவைத்து இப்பிழையைத் தீர்த்தார். வானநூல் வல்லார் வகுத்த நுட்பமான கணக்கு, விரல்விட்டெண்ணும் முறையில் வந்த வேறுபாட்டால் வழுவிற்று. விதியை வகுத்தல் மட்டும் போதாது, அது பிறரால் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்படும் என்பதையும் நோக்குதல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

பத்து நாள் மறைந்த வரலாறு

சீசரின் ஆண்டு 365 நாள் 6 மணி கொண்டது. உண்மையான பருவ ஆண்டினும் அது 11 நிமிடம் 14 செக்கன் கூடியது. பதினொரு நிமிடம் அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அது 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகத் திரளும். 16ஆம் நூற்றாண்டில், பகலும் இரவும் சமமாகும் இளவேனிற் சமநாள் மார்ச் 21ஐ விட்டு மார்ச் 11க்கு வந்துவிட்டது. கிறித்தவரின் உயிர்த்த ஞாயிறு அச்சமநாளைக் கொண்டே கணிக்கப்படுதலின், திருச்சபை இதனைப் புறக்கணிக்க முடியவில்லை.

இத்தாலிய மருத்துவர் அலோசியஸ் லிலியஸ் வகுத்த திட்டத்தைப் பாப்பரசர் 13ஆம் கிறெகோரி 1582இல் நடைமுறைப்படுத்தினார். அவ்வாண்டு ஒக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் ஒக்டோபர் 15, வெள்ளிக்கிழமை என அறிவிக்கப்பட்டது. திகதிகள் மறைந்தனவேயன்றிக் கிழமைகள் வரிசை பிறழவில்லை. ஸ்பானிய நாட்டு அவிலா நகர்த் தெரேசா அம்மையார் ஒக்டோபர் 4ஆந் திகதி இரவிலே காலமானார். அவரை அடக்கஞ் செய்த மறுநாளோ ஒக்டோபர் 15.

மேலும், நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் 400ஆல் வகுபடுவனவே நெட்டாண்டுகள் ஆகும் என விதிக்கப்பட்டது. ஆகவே 1600, 2000 நெட்டாண்டுகள்; 1700, 1800, 1900 நெட்டாண்டுகள் அல்ல. இவ்விதியால் 400 ஆண்டுகளில் 97 நெட்டாண்டுகளும் 1,46,097 நாட்களும் அமைகின்றன. இத்தொகை 7ஆல் மீதியின்றி வகுபடும். ஆதலின் 400 ஆண்டுக்கு ஒருமுறை திகதியும் கிழமையும் அச்சொட்டாக மீண்டும் வரும். இதனால் விளையும் விந்தைகள் இரண்டு. எந்த நூற்றாண்டின் முதல் நாளும் ஞாயிறாகவோ புதனாகவோ வெள்ளியாகவோ வாராது. 21ஆம் நூற்றாண்டு 2001 யனவரி முதலாந் திகதி திங்கட்கிழமை பிறந்தது. மற்றையது, மேனாட்டார் தீநாள் என்று அஞ்சும் 13ஆந் திகதி வெள்ளிக்கிழமை பற்றியது. 400 ஆண்டுகளில் வரும் 4,800 மாதங்களில் 13ஆந் திகதி வெள்ளியில் வருவது 688 முறை. வேறெக்கிழமையிலும் அது இத்துணை முறை வாராது. அஞ்சுவார்க்கு அச்சமூட்டுவதில் கணிதமும் பங்கு கொண்டது போலும்!

பதினொரு நாளும் இங்கிலாந்தும்

கணக்குச் சரியானதாயினும் அதனை வகுத்தவர் பாப்பரசர் என்னும் காரணத்தால் சீர்திருத்தத் திருச்சபை நாடுகள் பல அதனை ஏற்க மறுத்தன. இங்கிலாந்து 170 ஆண்டுகள் கழித்தே இணங்கியது. 1752 செப்டெம்பர் 2, புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14, வியாழக்கிழமை ஆயிற்று. அதுவரை ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆந் திகதி பிறந்தது. ஆண்டுப்பிறப்பு யனவரி முதலாந் திகதிக்கு மாற்றப்பட்டமையால் 1751ஆம் ஆண்டு 282 நாளோடு முடிந்தது. முதலாம் சாள்ஸ் மன்னனின் தலை துணிக்கப்பட்ட யனவரி 30 இக்கால நூல்களில் 1649 என்றும் அக்கால ஆவணங்களில் 1648 என்றும் குறிக்கப்படுதற்குக் காரணமும் இதுவே.

பதினொரு நாளைத் திருப்பித் தருமாறு இலண்டன் மக்கள் கலகம் விளைத்தனர் என்றொரு கதையும் நெடுங்காலம் வழங்கிற்று. கலகம் நிகழ்ந்ததற்கு உறுதியான சான்றில்லை என வரலாற்றாசிரியர் கண்டுள்ளனர். ஓகாத் என்னும் ஓவியர் 1755இல் தேர்தல் விருந்தொன்றைப் பகடி செய்து தீட்டிய ஓவியத்தில் அக்கோரிக்கை எழுதிய பலகை ஒன்று காணப்படுகின்றது. ஓவியரின் நகைச்சுவையைப் பிற்காலத்தார் வரலாறாகக் கொண்டனர்.

இருவகைக் கணக்கும் ஒருங்கு வழங்கிய காலத்துத் திகதிகளை ஆராய்வோர் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தீசும் 1616 ஏப்பிரல் 23ஆந் திகதி ஒரே நாளில் இறந்தனர் என்பர். ஸ்பெயின் புதிய முறையையும் இங்கிலாந்து பழைய முறையையும் அந்நாளிற் பின்பற்றின. ஆதலின் அவ்விரு நாட்களுக்கும் இடையே பத்து நாள் வேற்றுமை உண்டு. அன்றியும், செர்வாந்தீஸ் இறந்தது 22ஆந் திகதி. 23ஆந் திகதி அடக்கஞ் செய்யப்பட்ட நாள். கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூற்றன் பிறந்தார் என்பதும் இத்தகையதே. கலிலியோ இறந்தது புதிய முறைப்படி 1642 யனவரி 8. நியூற்றன் பிறந்தது பழைய முறைப்படி 1642 டிசெம்பர் 25. இதனைப் புதிய முறைக்கு மாற்றின் 1643 யனவரி 4 ஆகும். எந்த ஒரு முறையை முற்றாகக் கொள்ளினும் இரு நிகழ்ச்சிகளும் ஓராண்டில் அமையா. இரண்டையும் கலந்தாலன்றி அவ்வொற்றுமை பிறவாது.

ஈழத்து வரலாற்றிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டையை 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை அடைந்ததாகத் தம் நூலிற் குறித்துள்ளார். புதிய முறைப்படி அத்திகதி புதன்கிழமையில் வரும். பழைய முறைப்படியே சனிக்கிழமையில் வரும். ஆகவே அவர் ஆங்கிலேயரின் பழைய முறையிலே எண்ணினார் என்பது பெறப்படும். ஆயின் அக்கோட்டையைக் காத்த ஒல்லாந்தக் கும்பனியார் வழங்கிய புதிய முறையில் அந்நாள் ஒக்டோபர் 28 ஆகும். வாயிலில் வந்து நின்ற விருந்தினனுக்கும் வரவேற்றவர்க்கும் திகதியிலே பத்து நாள் வேற்றுமை. கிழமை மட்டும் ஒன்றே.

இல்லாத நாள் வந்த நாடு

சுவீடன் அரசு பத்து நாளை ஒரே முறையில் நீக்க விரும்பாது, 1700 முதல் 40 ஆண்டுகளுக்கு நெட்டாண்டுகளைத் தவிர்த்துச் சிறிது சிறிதாகத் திருத்த எண்ணியது. 1700இல் மிகைநாள் நீக்கப்பட்டது. பின்னர்ப் போர் மூண்டது. 1704இலும் 1708இலும் திட்டம் கைவிடப்பட்டு மிகைநாள் வழக்கம் போல் வந்தது. விளைவு யாதெனின், சுவீடனின் திகதி பழைய முறையோடும் பொருந்தவில்லை. புதிய முறையோடும் பொருந்தவில்லை. பழைய முறைக்கே மீள்வதற்காக 1712இல் ஒன்றுக்கு இரண்டாக மிகைநாட்கள் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு பெப்ரவரிக்கு 30 நாள். அன்று பிறந்த குழந்தைக்குத் தன் பிறந்தநாள் ஒருபோதும் மீண்டு வந்திராது. இறுதியில் 1753இல் சுவீடன் பெப்ரவரி 17க்கு அடுத்த நாளை மார்ச் 1 எனக் கொண்டு ஏனையோரோடு இணைந்தது. படிப்படியான மாற்றம் எப்போதும் எளிதென்று கூறுவார் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

உருசியா 1918 யனவரி 31க்கு அடுத்த நாளைப் பெப்ரவரி 14 ஆக்கியது. அதற்குள் வேற்றுமை 13 நாளாகியிருந்தது. பழைய முறைப்படி 1917 ஒக்டோபர் 25இல் நிகழ்ந்த புரட்சி புதிய முறைப்படி நவம்பர் 7 ஆயிற்று. பெயர் மட்டும் ஒக்டோபரிலே தங்கிவிட்டது.

வாரம் எங்கிருந்து வந்தது?

நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்றுக்கும் வானத்திலே சான்றுண்டு. வாரத்துக்கோ நேரான சான்றில்லை. ஏழு நாளுக்கு ஒருமுறை வானில் யாதொன்றும் நிகழ்வதில்லை. எனினும், கிழமைகளின் வரிசையிலே பண்டை வானநூல் ஒன்று மறைந்து கிடக்கின்றது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் வரிசை ஒளியாலோ பருமனாலோ தூரத்தாலோ அமைந்ததன்று. பூமியை நடுவாகக் கொண்டு ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்று கருதிய பண்டையோர், மெல்லச் செல்வதை முதலில் வைத்துச் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என அவற்றை வரிசைப்படுத்தினர். நாளின் 24 மணிகளையும் இவ்வரிசைப்படி ஒவ்வொரு கோள் ஆள்வதாகவும், முதல் மணியை ஆளும் கோளே அந்நாளுக்குப் பெயர் தருவதாகவும் கொண்டனர். முதல் மணி சனியினது ஆயின் 8ஆம், 15ஆம், 22ஆம் மணிகளும் சனியினவே. 23ஆம் மணி வியாழனது. 24ஆம் மணி செவ்வாயினது. மறுநாளின் முதல் மணி ஞாயிற்றினது. ஆகவே சனிக்குப்பின் ஞாயிறு வந்தது. 24ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3. ஆதலின் ஒவ்வொரு நாளும் அவ்வரிசையில் மும்மூன்று இடம் தாண்டிச் செல்லும். இவ்வாறு எண்ணிப் பார்க்கும் மாணவன் கிழமைகள் ஏழும் தவறாது வந்தமைவதைக் காண்பான்.

பஞ்சாங்கங்களிலே காணப்படும் ஓரைக் கணக்கு இதுவே. ஓரை என்னும் சொல் கிரேக்க மொழியில் நாழிகைப் பிரிவைக் குறிக்கும் 'ஹோரா' என்பதோடு தொடர்புடையது. இந்தியாவில் கிழமை குறிக்கப்பட்ட பழைய கல்வெட்டுகளில் புகழ்பெற்றது, மத்தியப் பிரதேசத்து ஏரண் என்னுமிடத்தில் உள்ள புதகுப்தன் காலத்துக் கல்வெட்டு. அது கி. பி. 484இல் ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கின்றது. தமிழரும் ஆங்கிலேயரும் வியாழன் என்றும் தேஸ்டே என்றும் வெவ்வேறு தெய்வப் பெயர்களாற் சுட்டும் நாள் ஒன்றே. இரண்டும் அக்கோளின் வழி வந்தவையே. சூரியனும் சந்திரனும் பூமியைச் சுற்றும் கோள்கள் என்னும் கொள்கையைக் கொப்பர்னிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூல் தகர்த்தது. கொள்கை வீழ்ந்தது, அதன்மேல் எழுந்த வாரமோ வீழவில்லை.

வாரத்தை மாற்ற முயன்றோர் பலர். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் பத்து நாள் வாரத்தை அமைத்தனர். ஏழு நாளுக்கொருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கொருமுறை என்றானதால் தொழிலாளர் அதனை விரும்பவில்லை. அந்நாட்காட்டி 1805ஆம் ஆண்டின் முடிவோடு கைவிடப்பட்டது. சோவியத்து ஒன்றியம் 1929இல் ஐந்து நாள் வாரத்தைக் கொணர்ந்து, தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாளை ஓய்வாக்கியது. இயந்திரங்கள் ஓயவில்லை, ஆயின் கணவனும் மனைவியும் ஒரே நாளில் ஓய்வு பெறுவது அரிதாயிற்று. 1931இல் ஆறு நாள் வாரம் வந்தது. 1940இல் ஏழு நாள் வாரமே மீண்டது.

இலங்கையும் இவ்வரிசையில் இடம்பெறுகின்றது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டிலே ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினங்களே வாராந்த விடுமுறையாயின. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமிகள் என்னும் நான்கு நிலைகளையும் பின்பற்றியமையால், ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்கள் ஒருபோது கூடியும் ஒருபோது குறைந்தும் வந்தன. சந்திர மாதத்தின் காற்பங்கு ஏழரை நாளுக்குச் சற்றுக் குறைந்தது என்பதே காரணம். வானத்தோடு நெருங்கி நின்ற வாரம் அதுவே எனலாம். எனினும், உலகின் ஏனைய நாடுகளின் வங்கிகளும் துறைமுகங்களும் ஏழு நாள் வாரத்தில் இயங்கியமையால் இசைவு கெட்டது. 1971இல் சனி, ஞாயிறு விடுமுறைகள் மீண்டன. பூரணை மட்டும் பொது விடுமுறையாய் நிலைத்தது.

தமிழர் ஆண்டின் நுட்பமும் நகர்வும்

தமிழரின் மாதங்கள் ஒருவகையில் மேனாட்டு மாதங்களினும் இயற்கையோடு ஒட்டியவை. சூரியன் ஓர் இராசியிற் புகுந்து அதனைக் கடக்கும் காலமே ஒரு மாதம். அதனால் ஆனி மாதம் 32 நாள்வரை நீளுவதுண்டு. மார்கழி 29 நாளில் முடிவதுண்டு. இவ்வேற்றுமை எந்த மன்னனின் விருப்பாலும் வந்ததன்று. பூமி யனவரித் தொடக்கத்திற் சூரியனுக்கு அண்மையில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீற்றரில் நின்று விரைந்து செல்கின்றது. யூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீற்றருக்கு விலகி மெல்லச் செல்கின்றது. ஐரோப்பியர் பனியில் நடுங்கும் காலத்திலேதான் பூமி சூரியனுக்கு மிக அண்மையில் உள்ளது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். குளிருக்குக் காரணம் தூரமன்று. பூமியின் அச்சுச் சாய்வே.

ஆயினும் தமிழ் ஆண்டிலும் ஒரு நகர்வு உண்டு. அது விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. விண்மீன்களை வைத்தளக்கும் ஆண்டு பருவ ஆண்டினும் ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுழலுதலே இதற்குக் காரணம். இதனை அயனசலனம் என்பர். இதனால் ஏறக்குறைய 70 ஆண்டுக்கு ஒரு நாளாகச் சித்திரைப் பிறப்பும் தைப் பிறப்பும் பருவங்களை விட்டு முன்னோக்கிச் செல்கின்றன. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22இல். உத்தராயணத் தொடக்கமாகப் போற்றப்படும் தைப்பொங்கலோ யனவரி 14 அல்லது 15இல் வருகின்றது. இரண்டும் ஒன்றாயிருந்த காலம் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. சுவாமி விவேகானந்தர் மகர சங்கிராந்தியன்று அவதரித்தார் என்பதும், அந்நாள் 1863 யனவரி 12 என்பதும் யாவரும் அறிந்தவை. ஒன்றரை நூற்றாண்டுக்குட் சங்கிராந்தி இரண்டு மூன்று நாள் நகர்ந்தமைக்கு அத்திருநாளே சான்று.

இதனால் தமிழர் கணக்குப் பிழையென்று கொள்ளற்க. விண்மீனை அளவாகக் கொள்வதும் பருவத்தை அளவாகக் கொள்வதும் இருவேறு தெரிவுகள். இரண்டையும் ஒருங்கே பெறுதல் இயலாது. இந்திய அரசு மேகநாத சாகாவின் தலைமையில் 1952இல் அமைத்த குழு, பருவத்தோடு பொருந்தும் தேசிய நாட்காட்டி ஒன்றை வகுத்தது. 1957 மார்ச் 22 முதல் அது அரச வழக்கில் வந்தது. எனினும் கோயிலும் மணப்பந்தரும் பழைய பஞ்சாங்கத்தையே நாடுகின்றன. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குதலும், சிற்சில வேளைகளில் ஒரே விழா இருவேறு நாட்களில் வருதலும் இத்தகைய தெரிவுகளின் விளைவே. ஒன்று மரபாக வந்த வாய்பாட்டைப் போற்றுகின்றது. மற்றையது கோள்களின் இக்கால நிலைக் கணிப்பைப் போற்றுகின்றது. இருசாராரும் நோக்கும் வானம் ஒன்றே.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. நாளும் சந்திர மாதமும் ஆண்டும் இயற்கையின்பாற் பட்டவை. வாரமும், மாதத்தின் நாள் தொகையும், ஆண்டின் தொடக்கமும் மனிதரின் உடன்பாட்டால் வந்தவை. இயற்கையைக் கட்டளையிட்டு மாற்ற இயலாது. உடன்பாட்டை மாற்றலாம், ஆயின் அது கணக்கின் நுட்பத்தால் மட்டும் நிலைபெறாது. அண்டை அயலாரும் வீட்டாரும் தொழிலாளரும் இணங்கினாலன்றி மிகச் சரியான நாட்காட்டியும் ஏட்டளவில் நிற்கும். பாப்பரசர் கண்டதாயின் சரியான கணக்கும் வேண்டாவென 170 ஆண்டுகள் ஒதுக்கியோரும் உளர். தம் கணக்கே இயற்கையின் கணக்கென்று பிறரை இகழ்ந்தோரும் உளர். இருசாராரும் வானத்தையும் ஏட்டையும் வேறுபிரித்து நோக்கத் தவறியோரே.

மாணவர்க்கு இதில் மற்றொரு பயனும் உண்டு. அகஸ்தஸின் பொறாமையும், இலண்டன் கலகமும், நியூற்றன் பிறப்பும் பற்றிய கதைகள் நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்டு உண்மைபோல் நிலவின. அவற்றை வீழ்த்தப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியிருக்கவில்லை. நியூற்றன் பிறப்புப் பற்றிய கதைக்கு 'இத்திகதி எந்த நாட்காட்டிப்படி?' என்னும் ஒரு வினாவே போதியதாயிற்று. நொக்ஸ் குறித்த சனிக்கிழமையைச் சரிபார்க்கத் தாளும் பென்சிலும் போதும். நான்காம் வகுப்புக் கணிதமும் போதும். நாள்தோறும் கண்முன் தொங்கும் பொருளையும் இவ்வாறு வினாவி அறியும் பழக்கம் கைவருமாயின், கல்வியின் பயனில் ஒரு பெரும்பகுதி கைவந்ததாகவே கொள்ளலாம்.